ஃபுல் த்ரஸ்ட்: த்ரஸ்ட் 2 உள்ள பழைய போர்க்கப்பலை எப்படி எடை போடுவது?

நீள்வட்டம்:

வணக்கம். ஃபுல் த்ரஸ்ட் என்ற விண்கப்பல் போர் மேசை ஆட்டத்தில், ஃப்ளீட் புக் 1 (1998) வடிவமைப்பு விதிப்படி போட்ட ஒரு பழைய கப்பலைப் பற்றித்தான் கேள்வி. கேம்பெயின் கதைப்படி இது சால்வோ மிசைல் (கொத்தாக ஏவும் ஏவுகணை) புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய தலைமுறை. எதிரெதிரே நின்று பீமால் (கற்றை ஆயுதம்) அடித்துக்கொள்ளும் சண்டைக்காகக் கட்டியது. பெயர் "கருங்கல்". ஷீட்:

மாஸ் 100, மொத்தம் 348 புள்ளி
ஹல், அதாவது கப்பல் தாங்கும் சேதம், 34 கட்டம் (வரிசைகள் 9, 9, 8, 8), ஆர்மர் இல்லை
மெயின் டிரைவ் த்ரஸ்ட் 2, அதாவது டர்னுக்கு வேகத்தை 2 வரை மாற்றலாம் (மாஸ் 10), எஃப்டிஎல், அதாவது ஒளியைவிட வேகமாகப் போகும் டிரைவ் (மாஸ் 10)
ஸ்கிரீன் ஜெனரேட்டர் 2 (மாஸ் 10), அதாவது பீம் சேதத்தைக் குறைக்கும் ஸ்கிரீன்-2
ஃபயர்கான் (ஆயுதங்களைக் குறிபார்க்கும் கருவி) 2, பிடிஎஸ் (வரும் மிசைலைச் சுட்டு வீழ்த்தும் தற்காப்பு) 2
பீம்-3 மூன்று, முன்பக்க மூன்று ஆர்க், அதாவது 60 டிகிரி சுடும் பகுதிகள் (மாஸ் 18)
பீம்-2 இரண்டு, ஒன்று முன்னும் இடதும், ஒன்று முன்னும் வலதும் (மாஸ் 4)
பல்ஸ் டார்பிடோ இரண்டு, நேர் முன் ஆர்க் மட்டும் (மாஸ் 8)
பீம்-1 இரண்டு, எல்லா ஆர்க்கும் (மாஸ் 2)

எதிரில் வரப்போவது இரண்டு புது லைட் குரூசர். தலா மாஸ் 50, 166 புள்ளி: த்ரஸ்ட் 6, ஹல் 15, ஸ்கிரீன் இல்லை, ஃபயர்கான் 1, சால்வோ லாஞ்சர் 1, மேகசினில் 3 சால்வோ, பீம்-2 ஒன்று, பீம்-1 ஒன்று, பிடிஎஸ் 2. இரண்டும் சேர்த்து 332.

மேசை 180 × 120, ஒரு அலகு ஒரு செ.மீ. சினிமாட்டிக் மூவ்மென்ட். போருக்கு முன் கருங்கல்லில் 10 மாஸ் வரை மாற்றிக்கொள்ளலாம், புள்ளி மட்டும் 350-ஐத் தாண்டக் கூடாது. டிரைவைத் தொட முடியாது.

என் குழுவில் எல்லாருமே "த்ரஸ்ட் 2-ஐ வைத்து மிசைல் குரூசரோடு மோதவே முடியாது, விட்டுவிடு" என்கிறார்கள். அது சரிதானா? ஆட வழி இருக்கிறது என்றால் எப்படி?

---

ஆறுபக்கம்:

புள்ளிக்கு எத்தனை டைஸ் என்று வகுத்துப் பார்த்து இந்தக் கப்பலை எடை போடாதீர்கள். எதிரியிடம் இதைக் கொல்லக்கூடிய பொருள் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். இந்த ஆட்டத்தில் அது ஆறு சால்வோ. அவ்வளவுதான்.

பீம்-3 என்றால் 12-க்குள் 3 டைஸ், அதற்கு மேல் ஒவ்வொரு 12-க்கும் ஒன்று குறையும்; பீம்-2, பீம்-1-க்கும் அப்படியே. பீம் டைஸ் ஒன்றின் சராசரி: 4, 5-க்கு 1 சேதம், 6-க்கு 2 சேதமும் மறு உருட்டலும். ஸ்கிரீன் இல்லாத கப்பல் மேல் 0.8. ஸ்கிரீன்-1 மேல் 0.63. ஸ்கிரீன்-2 மேல் 0.47, ஏனென்றால் 4 வீணாகிறது, 6-க்கு 1 மட்டும்தான், மறு உருட்டல் மட்டும் ஸ்கிரீனைக் கடந்து போகும். இரண்டு குரூசரும் 12-க்குள் வந்து இருப்பதையெல்லாம் சுட்டாலும் 6 டைஸ், கருங்கல் மேல் 2.8 சேதம். 34 கட்டத்தைத் தின்ன ஒரு டஜன் டர்ன் ஆகும். ஸ்கிரீன்-2 பழசானாலும் பீமுக்கு எதிரே இன்னும் முழு மதிப்போடுதான் நிற்கிறது.

கருங்கல் பக்கம் பாருங்கள். நேர் முன்னால் 12-க்குள் 15 டைஸ், சராசரி 12 சேதம். ஹல் 15 உள்ள குரூசருக்கு அது ஒரே டர்னில் மூன்று வரிசை. 12-லிருந்து 24 வரை 8 டைஸ், 6.4 சேதம்; 18-க்குள் என்றால் இரண்டு டார்பிடோவும் சேர்ந்து இன்னும் 3.5. அங்கேயே குரூசரின் இரண்டு வரிசை போய்விடும். 24-36 தூரத்தில் பீம்களில் பீம்-3 மட்டும்தான், 2.4. ஆக, 24-க்குள் கருங்கல்லின் முன்பக்கம் நிற்க எந்தக் குரூசருக்கும் கட்டுப்படியாகாது.

சால்வோவுக்கு வருவோம். ஸ்கிரீன் மிசைலைத் தடுக்காது. ஒரு சால்வோ இலக்கைப் பிடித்தால் 1 முதல் 6 மிசைல், ஒவ்வொன்றும் ஒரு டைஸ் சேதம். பிடிஎஸ் ஒன்று சராசரி 0.8 மிசைலை வீழ்த்தும். ஒரே டர்னில் இரண்டு சால்வோ பிடித்து, பிடிஎஸ்ஸை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தால் மொத்தம் சராசரி 19.5 சேதம். இரண்டாம் முறையிலேயே 34 கட்டமும் முடிந்தது. ஆனால் ஒரு டர்னில் ஒரே ஒரு சால்வோ பிடித்தால், இரண்டு பிடிஎஸ்ஸும் அதன் மேலேயே போகும், சராசரி 7.6 தான். அப்படி நான்கு வந்தாலும் 30 சேதம், கப்பல் மிதக்கும்.

எனவே உங்கள் வேலை இரண்டே: சால்வோக்களை ஜோடியாக விழவிடாமல் பிரிப்பது, ஆறில் இரண்டையாவது வெற்றிடத்தில் வெடிக்க வைப்பது. மேகசின் காலியான பின் அந்தக் குரூசர்களால் கருங்கல்லை ஒன்றும் செய்ய முடியாது. எதிரி ஆட்டக்காரருக்கும் இது தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

---

விசைக்கோடு:

ஆறுபக்கம் சொன்ன இரண்டுமே வேகத்தில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் த்ரஸ்ட் 2 கப்பலை எடுப்பவர்கள் பெரும்பாலும் தோற்கிற இடம் இதுதான்.

எல்லாரும் ஆர்டர் எழுதி முடித்த பின்தான் சால்வோ மார்க்கரை வைக்கிறார்கள், லாஞ்சரிலிருந்து 24-க்குள். பிறகு கப்பல்கள் நகரும். மார்க்கரிலிருந்து 6-க்குள் வந்து நிற்கும் கப்பலில் எது அருகிலோ அதன் மேல் பாயும். அதாவது எதிரி உங்கள் கப்பலைக் குறி வைப்பதில்லை, நீங்கள் நிற்கப்போகும் இடத்தை ஊகிக்கிறார். த்ரஸ்ட் 2-க்கு நிற்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு என்பதுதான் பலவீனம்.

ஒரு அட்டை எடுத்து வரைந்து பாருங்கள். வேகம் 12 என்றால், நேராகப் போனால் 10, 11, 12, 13, 14 என ஐந்து முடிவிடங்கள். ஒரு புள்ளி, அதாவது 30 டிகிரி, திரும்பினால் மிச்சம் ஒரு த்ரஸ்ட்தான். 11, 12, 13 என மூன்று, இடதும் வலதுமாக ஆறு. மொத்தம் 11 இடம். ஒற்றைப் புள்ளித் திருப்பம் நகர்வின் நடுவில்தான் நடக்கும், அதனால் வேகம் 13-ல் பக்கவாட்டு விலகல் 6.5-ன் பாதி, 3.25 மட்டும். அந்த 11 இடமும் 6.5 அகலம், 4 நீளம் உள்ள ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. 12 தொலைவில் ஒரு மார்க்கர் வைத்தால் எதுவுமே தப்பாது. மார்க்கரை இரண்டரை செ.மீ. தள்ளி வைத்தாலும் பிடிக்கும்.

இதையே வேகம் 24-க்கு வரையுங்கள். நேர்ப்பாதையில் 22 முதல் 26 வரை. திரும்பினால் முன்னே 21.5-23.3, பக்கவாட்டில் 5.75 முதல் 6.25 வரை. இடது நுனிக்கும் வலது நுனிக்கும் இடையே 12.5 செ.மீ. இப்போது ஒரு மார்க்கரால் மூன்று பாதையையும் மூட முடியாது. நேர்ப்பாதையோடு ஒரு பக்கத்தை மூடலாம், மறுபக்கம் திறந்தே இருக்கும். எதிரி இரண்டு மார்க்கரை இடதும் வலதுமாகப் பிரித்து வைத்தால், திரும்பினால் ஒன்றுதான் பிடிக்கும். நேரே போனால் இரண்டும் பிடிக்கும். இரண்டையும் ஒரே பக்கம் வைத்தால் மறுபக்கம் முழுசாகத் தப்பிக்கலாம். ஆகவே வேகம் 24-ல் இடமா வலமா என்பதை எதிரி ஊகித்தாக வேண்டும். வேகம் 12-ல் ஊகிக்க ஒன்றுமே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, எதிரும் புதிருமாகப் போகும்போது வேகம் எதிரிக்கும் உதவும். நீங்கள் 24 முன்னே வருவீர்கள் என்பதால், 48 தொலைவில் இருக்கும்போதே அவர் 24-ல் மார்க்கர் வைத்துவிடலாம். உங்கள் பீம்-3 எட்டுவதற்கு முன்பே முதல் ஜோடி வரும். மாறாக நீங்கள் விலகிப் போய்க்கொண்டிருந்தால், பின்னால் துரத்துபவர் டர்ன் தொடக்கத்தில் கிட்டத்தட்ட உங்கள் வாலைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் மார்க்கர் எட்டும். குறுக்கே கடப்பது இரண்டுக்கும் நடுவில். அதனால் நேர் மோதலாக இறங்காமல், மேசையின் நீளவாக்கில், எதிரியின் பாதைக்குக் குறுக்கே போகும்படி அணி வகுத்துக்கொள்ளுங்கள். பீம்-3-க்கு மூன்று ஆர்க் இருக்கிறது, பக்கவாட்டு முன் ஆர்க்கிலும் 12-க்குள் 13 டைஸ் கிடைக்கும்.

இரண்டாவது, இந்த வேகத்தை ஆட்டத்துக்குள் சம்பாதிக்க முடியாது. டர்னுக்கு 2 என்றால் 12-லிருந்து 24 ஏற ஆறு டர்ன், அதற்குள் கதை முடிந்திருக்கும். தொடக்க வேகத்தைத் தேர்ந்தெடுக்க சீனாரியோ இடம் தந்தால் 24 கேளுங்கள். 18-தான் உச்சம் என்றால், பக்கவாட்டு விலகல் 4.75 வரை, ஒரு மார்க்கர் மூடிவிடும், ஆனால் வைப்பதில் ஒரு செ.மீ.க்கு மேல் பிசகினால் ஏதோ ஒரு முனை திறந்துவிடும். அதுவும் கொஞ்சம் பிரயோஜனம்தான்.

திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள்: டர்னுக்கு ஒரு புள்ளியாக 180 டிகிரிக்கு ஆறு டர்ன். வேகம் 24-ல் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 90 செ.மீ. 120 அகல மேசையில் அடங்கும், ஆனால் ஓரத்தை ஒட்டித் தொடங்கினால்தான்.

---

பழையஷீட்:

கணக்கெல்லாம் சரி. கருங்கல் உண்மையில் சாகிற விதம் ஹல் தீர்வது இல்லை, ஃபயர்கான் போவது. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

முதல் வரிசை முடிந்ததும் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் டைஸ், 6 விழுந்தால் போச்சு. இரண்டாம் வரிசை முடிந்ததும் 5, 6. மூன்றாவதில் 4, 5, 6. இரண்டு சோதனையையும் தாண்டி ஒரு சிஸ்டம் பிழைக்க வாய்ப்பு 5/6 × 4/6, சுமார் 56 சதவீதம். மூன்றையும் தாண்ட 28 சதவீதம்தான். ஃபயர்கான் இரண்டும் இரண்டாம் வரிசை முடிவுக்குள் போய்விட 20 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அப்படிப் போனால் 15 டைஸும் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் துப்பாக்கிதான்.

பீம்-1 ஒன்றைக் கழற்றி மூன்றாவது ஃபயர்கான் போடுங்கள். மாஸ் அதே 1, புள்ளி ஒன்று கூடும், 349. மூன்றும் போகும் வாய்ப்பு 9 சதவீதமாக இறங்கும். இந்தக் கப்பலில் செய்யக்கூடிய மிக மலிவான மாற்றம் இதுதான், வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஸ்கிரீன் ஜெனரேட்டர் ஒன்று போனால் ஸ்கிரீன்-1 ஆகிவிடும். டிரைவ் ஒரு அடி வாங்கினால் த்ரஸ்ட் பாதி. விசைக்கோடு சொன்ன இட வல ஊகமெல்லாம் டிரைவ் முழுசாக இருக்கும்வரைதான். மாஸ் 100-க்கு டேமேஜ் கன்ட்ரோல் பார்ட்டி (பழுது பார்க்கும் குழு) ஐந்து. ஒரு பார்ட்டி வேலை செய்தால் 6-ல் சரியாகும், இரண்டு சேர்ந்தால் 5-6, மூன்று சேர்ந்தால் 4-6. மூன்றுக்கு மேல் ஒரே இடத்தில் போட்டுப் பயனில்லை. டிரைவில் மூன்று, பாக்கி இரண்டு ஃபயர்கானில் என்பது என் வரிசை. ஹல் கட்டத்தில் குறித்த ஆட்கள் அடிபட்டால் பார்ட்டியும் குறையும், எனவே பழுது பார்ப்பதை "அடுத்த டர்னில்" என்று தள்ளாதீர்கள்.

இன்னொன்று: சுடும் வரிசை. இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்பதற்கான உருட்டல்) வென்றவர் முதலில் ஒரு கப்பலைச் சுட, பிறகு மாறி மாறி. சேதம் உடனே நடைமுறைக்கு வரும். உங்களிடம் துணைக் கப்பல் ஏதாவது இருந்தாலும் முதல் முறை கருங்கல்லுக்கே கொடுங்கள்.

டார்பிடோ இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. 12-18 தூரத்தில் அதே 8 மாஸில் நான்கு பீம்-2 போட்டாலும் 3.2 சேதம்தான், டார்பிடோ 3.5 தரும், ஸ்கிரீனைப் பார்க்காது.

---

ஆறுபக்கம்:

டார்பிடோ விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. ஸ்கிரீனைக் கடப்பதற்குத்தான் அந்த ஆயுதத்துக்கு மதிப்பு, இந்த எதிரியிடம் ஸ்கிரீனே கிடையாது. தவிர அது 60 டிகிரி ஆர்க். டர்னுக்கு ஒரு புள்ளி திரும்பும் கப்பல், த்ரஸ்ட் 6 எதிரியை அந்த ஆர்க்குக்குள் வைத்திருப்பது அவர் விரும்பினால்தான் நடக்கும். விசைக்கோடு சொன்ன குறுக்குப் பாதையில் போனால் டார்பிடோ பெரும்பாலும் யாரையும் பார்க்காது.

பிடிஎஸ்ஸும் மாஸ் 1, புள்ளி 3. டார்பிடோ ஒன்று மாஸ் 4, புள்ளி 12. ஆக ஒரு டார்பிடோவுக்கு நான்கு பிடிஎஸ், புள்ளி மாறாது. ஒரே டர்னில் இரண்டு சால்வோ பிடித்து, பிடிஎஸ்ஸைச் சமமாகப் பிரித்தால் சராசரி சேதம்:

பிடிஎஸ் 2 (இப்போதுள்ளபடி): 19.5
பிடிஎஸ் 6 (ஒரு டார்பிடோ போனால்): 11.7
பிடிஎஸ் 10 (இரண்டும் போனால்): 6.5

மூன்று ஜோடியும் தப்பாமல் பிடித்தால்கூட பிடிஎஸ் 10-க்கு மொத்தம் 20 சேதத்துக்குக் கீழே. பிடிஎஸ் 6-க்கு 35, அதாவது ஹல் 34-ன் விளிம்பு. இதெல்லாம் சராசரி, நடுவில் வரிசை முடியும்போது பிடிஎஸ்ஸும் சில உதிரும், அதனால் நிஜத்தில் கடைசி ஜோடி இதைவிடக் கனமாக விழும். பிடிஎஸ்ஸுக்கு ஃபயர்கான் தேவையில்லை என்பதும் ஒரு லாபம், ஃபயர்கான் போன பிறகும் அது வேலை செய்யும்.

பீம்-1-ஐயும் மிசைல் மேல் திருப்பலாம், ஆனால் பிடிஎஸ் அளவுக்குப் பலிக்காது, அந்த டர்னில் கப்பலைச் சுடவும் முடியாது.

---

பழையஷீட்:

எதிரி இந்த இரண்டு குரூசர் மட்டும்தான் என்றால் இரண்டு டார்பிடோவையும் கழற்றுவதை ஏற்கிறேன். கேம்பெயினில் அடுத்து ஸ்கிரீன்-2 உள்ள எதிரி வருவான் என்றால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்கிரீன்-2 மேல் 12-க்குள் இரண்டு டார்பிடோ 4.7 தருகிறது, அதே மாஸுக்கு நான்கு பீம்-2 தருவது 3.7.

---

நீள்வட்டம்:

எல்லாருக்கும் நன்றி, குழுவில் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கிறது. முடிவு: டார்பிடோ இரண்டும் வெளியே, பிடிஎஸ் எட்டு உள்ளே, பீம்-1 ஒன்றுக்குப் பதில் ஃபயர்கான். மாற்றியது 9 மாஸ், 349 புள்ளி. தொடக்க வேகம் 24 வரை சீனாரியோவில் அனுமதி உண்டு.

ஒரு சந்தேகம். எதிரி புத்திசாலித்தனமாக முன்பக்கம் வராமல் பின்னாலேயே சுற்றினால்? பின் ஆர்க்கைப் பார்ப்பது இனி ஒரே ஒரு பீம்-1 தானே. அதோடு, சால்வோவைச் செலவழிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தால் என்ன செய்வது?

---

விசைக்கோடு:

பின்னால் சுற்றட்டும், அது உங்களுக்கு நல்லது. நீங்கள் 24-ல் விலகும்போது பின்னாலிருந்து மார்க்கர் எட்ட வேண்டுமானால், டர்ன் தொடக்கத்தில் அவர் உங்களுக்கு ஏறக்குறைய 6-க்குள் இருக்க வேண்டும் என்று பார்த்தோம். அதுவும் மார்க்கரின் முழு 6 செ.மீ. வட்டத்தையும் நீட்டிப் பிடித்தால்தான். அவ்வளவு நெருக்கத்தில், அதே வேகத்தில், ஒட்டியே வரவேண்டும். அங்கிருந்து அவருடைய பீம் உங்கள் ஸ்கிரீன்-2 மேல் ஒன்றும் சாதிக்காது.

ஆபத்தான இடம் பின்பக்கம் இல்லை, பக்கவாட்டுப் பின் ஆர்க். அங்கே உங்களுக்கு பீம்-2 ஒன்றும் பீம்-1 ஒன்றும்தான், 12-க்குள் 3 டைஸ். அவர் அங்கே இணையாக ஓடினால் மார்க்கரும் எட்டும். அப்போது அவர் இருக்கும் பக்கமாகத் திரும்புங்கள், விலகித் திரும்பாதீர்கள். ஒரு புள்ளி திரும்பினாலே பல சமயம் அவர் பக்கவாட்டு முன் ஆர்க்குக்குள் வந்துவிடுவார், 3 டைஸ் 12 ஆகிவிடும் என்பதால் அவர்தான் விலக வேண்டியிருக்கும். இரண்டு குரூசரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து வந்தால் அருகில் இருப்பவர் பக்கம்.

அவர் சால்வோவை வைத்துக்கொண்டு காத்திருந்தால், 24-36 தூரத்தில் பீம்-3 மூன்றும் டர்னுக்கு 2.4 சேதம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு குரூசரின் முதல் வரிசை 4 கட்டம்தான். இரண்டாவது டர்னில் அவருடைய லாஞ்சருக்கே சோதனை டைஸ் உருட்ட வேண்டிவரும். லாஞ்சர் போனால் மேகசினில் எத்தனை இருந்தாலும் பயனில்லை. ஃபயர்கான் மூன்று இருக்கிறதே என்று இரண்டு குரூசருக்கும் டைஸைப் பிரிக்காதீர்கள், ஒருவர் மேலேயே போடுங்கள்.

ஆர்டர் எழுதும்போது ஒரு பழக்கம்: முதல் இரண்டு டர்னிலும் ஒரே பக்கம் திரும்பாதீர்கள். இடமா வலமா என்பதை டைஸ் உருட்டித் தீர்மானித்தால்கூடத் தப்பில்லை: 1-3 இடம், 4-6 வலம், நேர்ப்பாதை கிடையாது. ஏன் நேர் இல்லை என்றால், எதிரி மார்க்கரை எந்தப் பக்கம் வைத்தாலும் நேர்ப்பாதையைச் சேர்த்தே மூடுவார். மேசை ஓரம் 30 செ.மீ.க்குள் வந்துவிட்டால் மட்டும் டைஸை விட்டுவிட்டு உள்பக்கம் திரும்புங்கள். அதை எதிரியும் கவனிப்பார், அந்த டர்னில் இரண்டு சால்வோவும் அங்கேதான் வரும், பத்து பிடிஎஸ்ஸும் முழுசாக இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.